சபுராம்மா எடுத்துக் குடுத்த வரி

காலை நீட்டிப் படு. போர்வையை இழுக்காதே, எனக்கும் குளிருது. "ம்" கொட்டணும், கொட்டலேன்னா கதை அங்கேயே நின்னுடும், ஆமா.

ஒரு ஊர்ல ஒரு சபுராம்மா இருந்தாங்க. கல்யாண வீட்டுக்கெல்லாம் பிரியாணி ஆக்குறவங்க. அவங்க தம் பிரிச்சா தெருவே மூக்கைத் தூக்கிக்கிட்டு வரும். பக்கத்து வீட்டுல தெய்வானைன்னு ஒரு குட்டி, உன் உசரம்தான். அவ அம்மா சீக்குல செத்துப் போயிட்டா. தாய்மாமன் தங்கவேலு எட்டிக்கூடப் பாக்கல. அப்புறம் சபுராம்மாதான் அவளைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டாங்க. ம்?

தெய்வானைக்கு முருகன்னா உசுரு. கிருத்திகையானா அவ அம்மா மாதிரியே பாலை மட்டும் குடிச்சுட்டு இருப்பா. சாயங்காலம் விளக்கேத்தி, ஒரு பாட்டுப் பாடிட்டுத்தான் சோறு. சபுராம்மா தொழுற வீடுதான் அது. ஆனாலும் ஒரு மாடத்தை ஒழிச்சு முருகன் படம் வச்சுக் குடுத்தாங்க. தனிச் சட்டி, தனிக் கரண்டி. ஒரு தடவை அவசரத்துல பிரியாணிக் கரண்டியை அவ சாம்பார்ல விட்டு லொடக்குன்னு கிண்டிட்டாங்க. பாத்தவங்க யாருமில்ல. ஆனா அவங்களுக்கு மனசு கேக்குமா? தென்னை மரத்தடியில அப்படியே ஊத்திட்டு, சட்டியைப் பரபரன்னு தேச்சு, மறுபடி புதுசா சாம்பார் வச்சாங்க.

அப்புறம் ஒரு வருஷம், தை கிருத்திகையும் பக்ரீதும் ஒண்ணா வந்துச்சு. அன்னைக்குப் பாத்து, விளக்கு வைக்கிற நேரத்துக்கு அந்த மாமன்காரன் வந்து குதிச்சான். அவன் வீட்டுல பாத்திரம் தேய்க்க ஆள் வேணுமாம், அதான் திடீர்ப் பாசம். கோயில் பூசாரியையும் இழுத்துட்டு வந்து, புள்ள சாமியை மறந்துட்டா, நான் கூட்டிட்டுப் போறேன்னு நின்னான். மறந்திருந்தா கூட்டிட்டுப் போ, மறக்கலேன்னா இந்தப் பக்கமே வரக்கூடாதுன்னு பூசாரி சொல்லிட்டாரு. தெய்வானை சபுராம்மா முந்தானையை விடவே இல்ல. தூங்கிட்டியா? சரி, சரி.

மாமன் மொதல்ல அடுப்படிக்குப் போனான். கறி வாசனை வருதான்னு உஸ்ஸு உஸ்ஸுன்னு மோந்து பாக்குறான். சட்டியைத் தொறந்தா பெருங்காயம் குப்புன்னு அடிக்குது. கறியெல்லாம் காலையிலேயே சபுராம்மாவோட தம்பி வீட்டு அடுப்புக்குப் போயாச்சு, அவங்க பெருநாள் சாப்பாடும் அங்கதான்.

அப்புறம் மாடம். தூசி படிஞ்சு கெடக்கும்னு வெரலால தேச்சுப் பாத்தான். வெரல்ல திருநீறுதான் ஒட்டுச்சு. மூஞ்சி சுண்டிப் போச்சு அவனுக்கு.

அப்போ, "எங்க குடும்பத்துப் பாட்டு ஒண்ணு இருக்கே, அதைப் பாடச் சொல்லுங்க"ன்னான். தெய்வானை விளக்கு முன்னால நின்னா.

"மலை மேல நிக்கிறவனே,
மயிலை விட்டு இறங்கி வா..."

அவ்வளவுதான். பயத்துல அடுத்த வரி வரல. மாமன் சிரிச்சுக்கிட்டே அவ கையைப் புடிக்க வர்றான். அப்போ அடுப்படி வாசல்லேர்ந்து ஒரு குரல்.

"எம் பொண்ணு பசிச்சிருக்கா,
தினைமாவு கொண்டு வா."

யாரு? நம்ம சபுராம்மாதான். அவ அம்மா சாகக் கெடந்தப்போ பக்கத்துல உக்காந்து, கேட்டுக் கேட்டு மனசுல ஏத்திக்கிட்டது. புள்ளைக்கு மறந்து போனா அப்புறம் யாரு சொல்லுவாங்கன்னுதான்.

மாமன் குதிக்கிறான், துலுக்க வீட்டம்மாவுக்கு முருகன் பாட்டு எதுக்குன்னு.

"நான் பாடல தம்பி. நான் கும்புடுறது அல்லாவை. அது எம் புள்ளையோட பாட்டு, அவளுக்கு எடுத்துக் குடுத்தேன்."

பூசாரி மெதுவா மாமன் பக்கம் திரும்பினாரு. "சரிப்பா, அந்தம்மா சொல்ல வேணாம். உங்க குடும்பத்துப் பாட்டுதானே, அடுத்த வரியை நீ எடுத்துக் குடு."

மாமன் பே பேன்னு முழிக்கிறான். ஒரு எழுத்து வரணுமே! அதைப் பாத்ததும் தெய்வானைக்குப் பயமெல்லாம் பறந்து போச்சு. கணீர்னு எடுத்தா பாரு, தெருவுல போனவங்க எல்லாம் நின்னு கேட்டாங்க. அவ பாடி முடிக்கிறதுக்குள்ள வாசல்ல செருப்புச் சத்தம், சரக் சரக் சரக். மாமன் ஓட்டம்.

பூசாரி அவ நெத்தியில திருநீறு பூசினாரு. அவ உடனே ஓடிப் போயி சபுராம்மாவுக்குத் தொழுகைப் பாயை விரிச்சா, நேரமாச்சும்மான்னு. அன்னைக்குத்தான் மொதல் தடவையா வெறும் "அம்மா"ன்னு கூப்பிட்டா. சபுராம்மா அழுதுக்கிட்டே தொழுதாங்க. அப்புறம் ரெண்டு பேரும் சாம்பார் சோறு சாப்பிட்டாங்க.

ஓடுன மாமன் ஊரு சேந்தான், நம்ம கதையும் வீடு சேந்துச்சு. கண்ணை மூடுடி தங்கம்.