தடையைக் கட்டிய ஜெபம்

ஜெபசிங் அண்ணாச்சியின் ஜெபத்தை யாரும் குறை சொல்ல முடியாது. தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். குரலும் அந்த உயரத்துக்கு இருக்கும். வீட்டுக்குள் அவர் 'ஆண்டவரே' என்றால் தெருமுனை டீக்கடைக்காரர் 'ஆமென்' சொல்லிவிடலாம்.

அவருடைய சபைக்குப் போதகர் எமிமாள், வயதில் அவருக்கு மகள் மாதிரி. ஆனாலும் விசுவாசக் காரியத்தில் ஒரு சந்தேகம் என்றால் அண்ணாச்சி அவரிடம்தான் போய் நிற்பார். அன்றைக்கும் போய் நின்றார்.

"பாஸ்டரம்மா, நானும் கேட்டுக்கிட்டே இருக்கேன். ஆண்டவர் பதிலே சொல்ல மாட்டேங்காரு."

"என்ன கேட்டீங்க அண்ணாச்சி?"

"வீட்ல மறுபடி ஜெபக்கூட்டம் வைக்கணும். அது உமக்குச் சித்தமா, சித்தம்னா யாரைக் கூப்பிடட்டும், காட்டும்னு கேக்குதேன்."

"வச்சிர வேண்டியதுதானே."

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார்.

"என் வீட்டுக்காரி பாக்கியம் இருந்தவரைக்கும் வீடு நிறைய ஆள் வரும். அவ போனப்புறம் ஒரு சனம் படியேறலை. நான் பாயை விரிச்சு வச்சு, யாருமே வராமப் போயிட்டா? அதைத் தாங்க மாட்டேன் பாஸ்டரம்மா. அதான், முதல்ல அவர் ஒரு வார்த்தை சொல்லட்டும்னு இருக்கேன்."

"எப்போ ஜெபிக்கிறீங்க?"

"வெள்ளி சாயங்காலம். முன்ன கூட்டம் நடந்த அதே நேரம். உபவாசத்தோட."

"இந்த வெள்ளி நானும் வாரேன்."

வெள்ளிக்கிழமை சொன்னபடி வந்தார். அண்ணாச்சி ஜன்னலைச் சாத்தினார், போனை அணைத்தார், கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டார். இரண்டு பேரும் முழங்காலிட்டார்கள்.

"ஆண்டவரே, யாரை அழைக்கட்டும், காட்டும்..."

யாரோ கதவைத் தட்டினார்கள்.

அண்ணாச்சி கண்ணைத் திறக்கவில்லை. பாதி ஜெபத்தில் கண் திறக்கிற ஆளா அவர்? குரலைத்தான் உயர்த்தினார். "ஜெபவேளையில் சத்துரு கொண்டுவருகிற இந்தத் தடையை இயேசுவின் நாமத்தில் கட்டுகிறேன்."

மறுபடி தட்டினார்கள். இவரும் மறுபடி பிசாசைக் கட்டினார்.

"வெள்ளிதோறும் இதே ரோதனைதான்" என்று மூடிய கண்ணோடு முணுமுணுத்தார். "நான் முழங்கால் போட்டதும் தட்டுதான். பிசாசுக்கு மணி பாக்கத் தெரியும்."

"நான் போய் அவனைப் பாத்துட்டு வாரேன்" என்று எமிமாள் எழுந்தார்.

"பாஸ்டரம்மா, இன்னும் ஆமென் சொல்லலை" என்று அண்ணாச்சி பதறினார். அதற்குள் கதவு திறந்துவிட்டது.

வாசலில் நின்றது மெற்றில்டா டீச்சர். எதிர்வீட்டு மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர்.

"மன்னிச்சுக்கோங்க. எங்க வீட்ல ஜெபக்கூட்டம். அண்ணாச்சியைக் கூப்பிட வெள்ளி தவறாம வருவேன். உள்ள உருக்கமா ஜெபிச்சுக்கிட்டு இருப்பாக, கெடுக்க வேண்டாம்னு திரும்பிப் போயிருவேன். இன்னைக்கு அப்படிப் போக முடியலை. ஆள் கூடிப்போச்சு, படிக்கட்டு வரைக்கும் நிக்காக. ரெண்டு பாய் கிடைக்குமா?"

அண்ணாச்சிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. தன்னைக் கூப்பிட வந்தவரையா வாரா வாரம் கட்டிப்போட்டோம் என்று ஒரே வெட்கம். ஆனால் தன்னைக் கூப்பிடவும் ஒரு ஆள் இருந்திருக்கிறதே என்று சந்தோஷமாகவும் இருந்தது. பாய் எடுக்க உள்ளே ஓடினார்.

பாயோடு வந்தவரைப் போதகர் வழிமறித்தார்.

"பாயைத் தர முடியாது டீச்சர். அது இங்கேயே இருக்கட்டும். ஆட்களை இங்க அனுப்புங்க."

டீச்சர் அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி பாயை நடுக்கூடத்தில் விரித்தார். டீச்சர் விறுவிறுவென்று படியிறங்கிப் போனார்.

"பாஸ்டரம்மா, டீ போடப் பால்கூட இல்லையே."

"வர்றவங்க கொண்டு வருவாங்க."

வந்தார்கள். ஒருவர் கையில் சுண்டல் சட்டி, இன்னொருவர் கையில் டீ பிளாஸ்க். கூடம் நிறைந்து அடுக்களை வாசல் வரை உட்கார்ந்தார்கள். யாரோ கீர்த்தனை எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் ஆளுக்கொரு சுருதியில் பிடித்துக்கொண்டார்கள். அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு போதகர் பக்கம் சாய்ந்தார்.

"பாஸ்டரம்மா, எல்லாம் சரி. ஆனா இது அவர் சித்தம்தான்னு எப்படி நிச்சயமாச் சொல்லுதது? அவர் இன்னும் ஒரு வார்த்தை பேசலையே."

"அதைச் சாவகாசமாக் கேட்டுக்கலாம் அண்ணாச்சி. வாசல்ல இன்னும் ரெண்டு பேர் நிக்காக. கொஞ்சம் தள்ளி உக்காருங்க."