டீசல் கிணறு

"கிருமிங்க தின்னுறத நிறுத்திடுச்சு டீச்சர்," என்றான் குலசேகரன்.

டீச்சர் என்றாலும் ரஹீமாவுக்கு அவனைவிட இருபது வயது குறைவு. மண்ணுக்குள் வாழும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களைப் பற்றிப் படித்தவள்.

குலசேகரனின் பெட்ரோல் பங்கில் நிலத்தடித் தொட்டி ஓட்டை விழுந்து, பின்வீட்டுச் செண்பகத்தின் கிணற்றுக்கு டீசல் இறங்கிவிட்டது. தொட்டியை மாற்றியாயிற்று. கிணற்றை எப்படி மாற்றுவது?

"மண்ணுல இருக்கிற கிருமியே டீசலத் தின்னுடும். அது மூச்சுவிடக் காத்து குடுத்தாப் போதும்," என்று சொல்லி, நிலத்தில் குழாய் இறக்கி, மோட்டார் வைத்துக் காற்றை ஊதவிட்டிருந்தாள் ரஹீமா.

நாலு மாதத்தில் வாடை பாதியாகக் குறைந்தது. பிறகு அப்படியே நின்றுவிட்டது.

செண்பகம் வீட்டில் இல்லாத நேரம். ரஹீமா கிணற்றில் ஒரு வாளி சேந்தி முகர்ந்தாள். டீசலோடு இன்னொரு நெடியும் மூக்கில் ஏறியது.

"என்ன போட்டீங்க?"

"பிளீச்சிங் பவுடர். ஊர்ல எல்லாக் கிணத்துக்கும் போடறதுதானே? குழாயிலயும் கரைச்சு ஊத்தினேன்."

"எதுக்குண்ணே?"

"நாளைக்குச் செண்பகம் அக்கா குடிக்கிற தண்ணி. கிருமியோடயா குடுக்கிறது?"

ரஹீமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வேலைக்கு வந்ததுங்களக் கொன்னுட்டு, வேலை நடக்கலைன்னு எங்கிட்டயே வந்து நிக்கிறீங்களே!"

அவன் கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டான்.

"புதுசா வாங்கி விடலாமா?"

"வேண்டாம். அடிமண்ணுல மிச்சம் ஒட்டிக்கிட்டு இருக்கும். காத்து உள்ள போனாப் பெருகும். இன்னும் ஆறு மாசம்."

"ஆறு மாசமா! அக்கா மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"இப்ப எப்படி முழிக்கிறீங்க?"



செண்பகம் தினமும் காலையில் இரண்டு குடங்களோடு பங்கைத் தாண்டித் தெருக்குழாய்க்குப் போவாள். ஒரு வார்த்தை திட்டியதில்லை. அவள் தலை தெரிந்ததுமே அவன் கண்ணாடி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வான். ஆள்விட்டு அனுப்பிய தண்ணீர் கேன்கள் மூடி திறக்காமலே திரும்பி வந்திருந்தன.

பங்குக்குத் திரும்பியதும், கண்ணாடி அறைக்குள் வைத்திருந்த பையை ரஹீமா எடுத்துக்கொண்டாள். வெளியே வந்தவள் கதவை அகலத் திறந்து, ஓர் ஆயில் டப்பாவை அண்டை கொடுத்துவிட்டு நடந்தாள்.

"ஏசி வெளிய போகுது டீச்சர்!"

"போகட்டும்."

மறுநாள் காலையிலும் கதவு திறந்தே கிடந்தது. செண்பகம் வந்தாள். பேப்பர் மேசையிலேயே இருக்க, குலசேகரன் எழுந்து வெளியே போனான்.

"அக்கா... கிணறு தெளிஞ்சுக்கிட்டுதான் வந்துச்சு. நான்தான் பிளீச்சிங் பவுடரக் கொட்டிக் கெடுத்துட்டேன். இன்னும் ஆறு மாசம் ஆகும்."

செண்பகம் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"தொட்டி ஒழுகினப்ப இப்படி வந்து சொன்னியா?"

"இல்லக்கா."

இடுப்பிலிருந்த குடத்தை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

"நட. தண்ணி நின்னுடப் போகுது."