கொஞ்சம் இருங்க

அந்த அணையின் மதகுக்குப் பைத்தியம் பிடித்திருந்தது. தண்ணீர் அளவுக்கோட்டைத் தொட்டால் ஷட்டர் முழுசாகத் திறக்கும். கோட்டுக்குக் கீழே போனால் முழுசாக மூடும். காற்றடித்து அலை எழும்பினால் கேட்கவே வேண்டாம், தடால் தடால் என்று திறந்து திறந்து மூடும். முனி கதவைத் தட்டுகிறது என்று ஊர்க்காரர்கள் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்கள்.

முனியை ஓட்டியவன் தணிகாசலம். செங்கமலம் அம்மாளிடம் தானியங்கி வேலை கற்றவன். வயதில் அவருக்கு மூத்தவன். ஃபஸி லாஜிக் வைத்தான். தண்ணீர் கொஞ்சமா, ஓரளவா, நிறையவா என்று மெஷினே நிதானிக்கும். அதற்குத் தக்கபடி ஷட்டர் மெல்ல ஏறி இறங்கும். சத்தம் நின்றது. ஜனங்கள் மறுபடி மதகுக்குக் கீழே உள்ள வாய்க்காலில் குளிக்கவும் துவைக்கவும் இறங்கினார்கள்.

நாளை முதல் காவலாள் கிடையாது, மதகு தன் பாட்டுக்கு ஓடும் என்ற நிலையில் அம்மாள் பார்க்க வந்தார். விடிந்தும் விடியாத நேரம். ஒரே பனிமூட்டம். அணை நிரம்பி நின்றது.

"இனி எல்லாத்துக்கும் இதுவே போதும்ல அம்மா? ஆன், ஆஃப் எல்லாம் அந்தக் காலம்."

"வாய்க்கால்ல ஆள் நின்னா?"

"கேமரா பார்க்கும்மா. அதுக்கும் இதே கணக்குதான். ஆள் எந்த அளவுக்கு இருக்காங்களோ, அந்த அளவுக்கு ஷட்டர் அடங்கும்."

அம்மாள் செருப்பைப் படியில் கழற்றிவிட்டு, இறங்கிப் போய் வாய்க்காலில் நின்றார்.

தணிகாசலம் திரையைப் பார்த்தான். 'ஆள்: ஓரளவு' என்றது.

ஷட்டர் விரற்கடை ஏறியது. பீறிட்ட தண்ணீரின் சாரல் மூட்டத்தோடு கலந்தது. அம்மாளின் முகம் மங்கியது.

'ஆள்: கொஞ்சம்.'

ஷட்டர் இன்னும் ஏறியது. சாரல் இன்னும் கூடியது. சத்தமே இல்லை, அவ்வளவு பதவிசு. தணிகாசலத்துக்கு அந்தப் பழைய தடால் தடாலே தேவலை என்றிருந்தது.

'ஆள்: இல்லாத மாதிரி.'

நிமிர்ந்து பார்த்தான். அவன் கண்ணுக்கும் அப்படித்தான் இருந்தது. வாய்க்கால் முழுக்க வெள்ளை. படியில் செருப்பு மட்டும் கிடந்தது.

"ஐயோ, அம்மா! கொஞ்சம் இருங்க!"

அலறிக்கொண்டே ஓடிப்போய், ஷட்டரை ஒரேயடியாக மூடும் சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தான். தடால்! ஷட்டர் விழுந்தது. தண்ணீர் நின்றது.

மூட்டம் அசையவில்லை. பதில் குரலும் இல்லை. பாவி, கொன்றுவிட்டோமே என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அம்மா... இருக்கீங்களா?"

வெள்ளைக்குள் இருமல் சத்தம் கேட்டது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி, இடுப்புவரை நனைந்து, அம்மாள் ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். செருப்பை மாட்டிக்கொண்டார்.

"தண்ணி கொஞ்சம் இருக்கும், தணிகாசலம். நான் எப்படிக் கொஞ்சம் இருக்கிறது?"