ஒரு ட்ரே கோஸும் கைமாவும்

"பல்கீஸு, நான் தோத்துட்டேன்" என்றார் இன்னாசி.

பல்கீஸ் அடுப்பிலிருந்து வர்க்கி பிஸ்கட்டை இறக்கிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"யார்கிட்ட?"

"சோத்துகிட்ட."

இது ஒரு குரு சீடர் கதை. குரு என்றதும் தாடியையும் மரத்தடியையும் தேடாதீர்கள். இந்தக் கதையில் குருவுக்கு முப்பத்தாறு வயது. குன்னூரில் சின்னதாக ஒரு பேக்கரி வைத்திருக்கும் பெண்மணி, பல்கீஸ். சீடர் இன்னாசி அவரைவிடப் பத்து வயது மூத்தவர், டீ ஃபேக்டரியில் வேலை. அவர் மனைவி செலினா நர்ஸ் வேலைக்கு மஸ்கட் போய் மூன்று மாதம் ஆகிறது. வீட்டில் அவரும் ஆறாவது படிக்கிற மகள் ஷெரினும்தான்.

"வேல முடிஞ்சு வந்து சோறு, கொழம்பு, பொரியல்னு ஒவ்வொண்ணா இறக்கறதுக்குள்ள மணி ஒம்பதர ஆயிடுது. அதுக்குள்ள புள்ள மாடி வீட்டு ரோசரியக்கா குடுக்கற தோசையத் தின்னுட்டு அங்கயே தூங்கிடுது. நேத்து என்ன கேக்குது தெரியுமா? 'அப்பா, என்னை ஹாஸ்டல்ல சேத்து விட்ருங்க'ங்குது."

இன்னாசி பேக்கரி பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"செலினா கெளம்பறப்ப, 'புள்ளய நான் பாத்துக்கறேன்'னு வாய் கிழியச் சொன்னவன் நான். இப்ப புள்ளயும் போயிட்டா அந்த வீட்டுல எனக்கு என்ன வேல? உன் வீட்டுல மட்டும் எப்படி ஏழு மணிக்கு மேசையில சாப்பாடு இருக்கு? அந்த வித்தையச் சொல்லித் தா."

"நாளைக்குக் காலைல அரைக் கிலோ கைமாவும் ஒரு கோஸும் வாங்கிட்டு வாங்க."

"மாட்டுக் கைமாதானே?"

"பின்ன, யானைக் கைமாவா?"

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக இன்னாசி பையோடு வந்து நின்றார்.

பல்கீஸ் சட்டியில் வெங்காயத்தையும் பூண்டையும் போட்டார். பொடியாகக் கொத்திய அந்தக் கைமாக் கறியைக் கொட்டினார். தக்காளி, மிளகாய்த்தூள், மிளகு, உப்பு. கிளறக் கிளற வாசனை தெருவுக்கே போனது.

"கோஸ் ரெடியா?"

இன்னாசி நாக்கைத் துருத்திக்கொண்டு நறுக்கிக்கொண்டிருந்தார். நூல் நூலாக, பொரியலுக்கு நறுக்குகிற மாதிரி. கோஸில் கால்வாசிகூடத் தாண்டவில்லை.

பல்கீஸ் கோஸைப் பிடுங்கினார். இலை இலையாக உரித்து, கையாலேயே கிழித்து ட்ரேயில் போட்டார்.

"அய்யய்யோ, பெருசு பெருசா கெடக்குதே!"

"வெந்தா அடங்கிடும்."

கோஸுக்கு மேல் ஊறவைத்த அரிசி ஒரு கை. அதற்கு மேல் கைமா. மறுபடி கோஸ், மறுபடி அரிசி, மறுபடி கைமா. உப்புப் போட்ட தண்ணீரை ஊற்றி, மேலே ரொட்டித்தூளைத் தூவி மூடினார்.

"அப்புறம்?"

"அப்புறம் நீங்க வேலைக்குப் போங்க."

"வேகணுமே!"

"அது அடுப்பு பாடு."

சாயங்காலம் ரொட்டி இறங்கிய பிறகும் அந்த பேக்கரி அடுப்பு நெடுநேரம் சூடாகவே இருக்கும். தெருவில் இருப்பவர்கள் அவரவர் ட்ரேயைக் கொண்டுவந்து அதில் தள்ளிவிட்டுப் போவார்கள். அது அந்தத் தெருவின் வழக்கம். அதுவரை ஃப்ரிட்ஜில் இருந்த இன்னாசியின் ட்ரேயும் அன்றைக்கு அந்த வரிசையில் உள்ளே போனது.

வேலை முடிந்து வந்தவர் மூடியைத் திறந்தார். மேலே பொன்னிறமாக முறுகியிருந்தது. உள்ளே கரண்டி விட்டால் அரிசியும் கோஸும் கறியும் ஒன்றாகப் பொலபொலவென்று வந்தன.

"அடேங்கப்பா!" என்று கத்தியே விட்டார்.

ட்ரேயைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு தெருவில் ஓட்டமும் நடையுமாகப் போனார். "என்ன இன்னாசி, யாராவது தொரத்தறாங்களா?" என்று யாரோ கேட்டார்கள். பதில் சொல்ல அவருக்கு ஏது நேரம்?

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் ட்ரேயை எடுக்க வந்தார். முகம் தொங்கிக் கிடந்தது.

"இன்னமும் ஹாஸ்டல், ஹாஸ்டல்ங்கறா பல்கீஸு."

"சாப்பாடு பிடிக்கலயா?"

"தட்ட வழிச்சு நக்கறா."

"லேட்டாகுதா?"

"ஏழு மணிக்கு டான்னு வெச்சிடறேன்."

பல்கீஸ் கையைத் துடைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவ சாப்பிடறப்ப நீங்க என்ன பண்றீங்க?"

"ரசம் வெப்பேன்."

"ரசமா?"

"ரசம், அப்பளம், கொஞ்சம் உருளைக்கெழங்கு வறுவல். தனியா ஒரு டம்ளர் சோறு. வெறும் ஒத்த ட்ரேயப் புள்ள முன்னாடி வெச்சா அது ஒரு சாப்பாடா? பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?"

"சோறு அந்த ட்ரேக்குள்ளயே இருக்கு."

"இருக்கு. இருந்தாலும்..."

"நீங்க எப்ப சாப்பிடறீங்க?"

"எல்லாத்தையும் கழுவிக் கவுத்துட்டு, நின்னுக்கிட்டே ரெண்டு வாய். அதுக்குள்ள அவ மாடிக்குப் போயிடுவா."

பல்கீஸ் கையை நீட்டினார்.

"லைட்டரக் கொண்டு வாங்க."

"எந்த லைட்டர்?"

"உங்க வீட்டு கேஸ் லைட்டர். தீப்பெட்டி இருந்தா அதையும்."

ஏதோ பெரிய வித்தை வரப்போகிறது என்று இன்னாசி வீட்டுக்கு ஓடினார். மூச்சிரைக்கத் திரும்பி வந்து இரண்டையும் நீட்டினார். பல்கீஸ் அவற்றை மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார்.

"நாளைக்கு வந்து வாங்கிக்கங்க."

"ராத்திரிக்கு நான் அடுப்ப எப்படிப் பத்த வெக்கறது?"

பல்கீஸ் அன்றைய ட்ரேயைத் தூக்கி அவர் கையில் வைத்தார். அடுத்த ஆளுக்கு ரொட்டி எடுக்கப் போய்விட்டார்.

இன்னாசிக்குக் கோபம் கோபமாக வந்தது. இவளைப் போய் நம்பினேனே என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

ஷெரினுக்குத் தட்டு வைத்துப் பரிமாறினார். வழக்கம்போல அடுப்படிக்குப் போனார். ரசப் பாத்திரத்தை எடுத்தார். கை தானாகச் சுவரில் லைட்டர் தொங்கும் ஆணிக்குப் போனது. வெறும் ஆணி.

செய்ய ஒன்றுமே இல்லை. எவ்வளவு நேரம்தான் மரம் மாதிரி நிற்பது? இன்னொரு தட்டை எடுத்துக்கொண்டு வந்து மகளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

ஷெரின் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

"அப்பா, உடம்பு சரியில்லையா?"

"ஏன்டா?"

"உக்காந்துட்டீங்களே."

இன்னாசிக்குச் சுரீர் என்றது.

"இல்லடா. பசிக்குது."

"இருங்க, இருங்க! ஓரத்துல முறுகிப் பிடிச்சிருக்குமே, அதுதான் செம டேஸ்ட். நான் சுரண்டித் தரேன்" என்று அவள் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் பேக்கரிக் கதவு திறக்கும்போதே இன்னாசி வாசலில் நின்றார். டீகூடக் குடித்திருக்கவில்லை. முகமெல்லாம் பல்.

"ஹாஸ்டல் என்னாச்சுண்ணே?" என்றார் பல்கீஸ்.

"கணக்கு டீச்சருக்குக் கல்யாணமாம், தெரியுமா உனக்கு? இவ பெஞ்சுல இருக்கற பொண்ணு ரெண்டு வாரமா இவகூடப் பேசறதில்லையாம். பஸ்ஸுல ஒரு நாய்க்குட்டி ஏறிடுச்சாம், டிரைவர் எறக்கி விட மாட்டேன்னுட்டாராம். செலினா குரல் போன்ல கேட்டா அழுக வருதாம், அதனாலதான் சீக்கிரம் வெச்சிடறாளாம். மூணு மாசத்துக் கத பல்கீஸு, மூணு மாசம்!"

"அண்ணே, ஹாஸ்டல்?"

"அத எங்க பேசினோம்!"

இன்னாசி தன் வலது கையை விரித்து பல்கீஸிடம் நீட்டிக் காட்டினார்.

"எந்திரிச்சுக் கழுவக்கூடத் தோணல. ரெண்டு பேருக்கும் கை காஞ்சே போச்சு!"