கழித்த கோழிகள்

“எல்லாமே கூமுட்டைங்க, டாக்டரம்மா. மூணு மாசமா ஒரு குஞ்சு பொரிக்கல.”

நல்லசிவம் கூடையைக் கீழே வைத்தார். உள்ளே சேவல் திமிறியது. கால்நடை டாக்டர் எழிலரசி போனில் கொண்டுவரச் சொன்னதால்தான் அதைத் தூக்கிவந்தார். தானாக அவருக்கு அது தோன்றியிருக்குமா என்ன!

சேவலின் முதுகைத் தடவி விந்தெடுக்கவும், கோழிக்குக் கருவூட்டவும் அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் எழிலரசி. சிஷ்யனைவிட எட்டு வயது இளைய குரு.

“இதுவரைக்கும் என்ன செஞ்சீங்க?”

“எம்பது கோழியையும் கறிக்கு ஏத்திவுட்டுட்டுப் புதுசு வாங்கிப் போட்டேனுங்க. அதுகளும் அப்படியேதான்.”

“சேவல்?”

“அதுக்கென்னுங்க? கொண்டையைப் பாருங்க, ரத்தமாட்டம் இருக்குது.”

போன் அடித்தது. நல்லசிவத்தின் அம்மா. எழிலரசிக்கும் கேட்கும்படி இரைந்தாள்.

“பூங்கோதைய நாளைக்கே அவ அப்பன் ஊட்டுல கொண்டுபோய் வுட்டுட்டு வந்துரு. மலடியக் கட்டிக்கிட்டு இன்னும் எத்தன வருசம் மாரடிப்ப? வேற சாதகம் வந்திருக்குது.”

“செரிம்மா.”

பூங்கோதை இரண்டாவது மனைவி. முதல் மனைவி மரகதத்தையும் இப்படித்தான், பத்து வருடத்துக்கு முன்னால், பெட்டியோடு கொண்டுபோய் விட்டுவந்தார். அடுத்த ஆடியில் அவளைக் கிணற்றிலிருந்து தூக்கினார்கள். அவள் தலையெழுத்து என்று ஊர் சொன்னது. அவருக்கும் அது சௌகரியமாக இருந்தது.

எழிலரசி சேவலிடமிருந்து ஒரு சொட்டு எடுத்தார். கண்ணாடித் துண்டில் வைத்து நுண்ணோக்கியில் செருகினார்.

“பாருங்க.”

பார்த்தார். ஓடவேண்டியவை ஓடவில்லை. ஒன்றிரண்டு மட்டும் வால் மடங்கி, நின்ற இடத்திலேயே சுற்றின. மற்றவை அசையாமல் கிடந்தன.

“கொண்டை நல்லாத்தானுங்களே இருக்குது?”

“விந்தணுவோட மேல்தோல் கொழுப்பு. கொட்டகைச் சூட்டுல, எண்ணெய் கெட்டுச் சிக்குவாடை அடிக்கிற தீவனத்துல அது கெட்டுப்போகும். உள்ளே இருக்கிற மரபணு இழையும் அறுந்துபோகும். கொண்டையில அது தெரியாது.”

நல்லசிவம் மறுபடி குனிந்து பார்த்தார்.

“அப்ப அந்த எம்பது கோழியும்...”

“நல்ல கோழிங்க.”

எழிலரசி இன்னொரு கண்ணாடித் துண்டை எடுத்தார். நிதானமாகத் துடைத்து அவர் முன்னால் வைத்தார்.

“சேவல் ஒண்ணுதானுங்களே கொண்டாந்தேன்?”

எழிலரசி கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

நல்லசிவம் அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார். மேசைமேல் போன் மறுபடி அடித்தது. அம்மாதான். அவர் எடுக்கவில்லை.

அது அடித்து ஓய்ந்த பிறகு, யாருமில்லாத அறையில், “மரகதம்” என்றார்.