சீனத் துறவி கேட்ட சொல்

கடலோரப் புத்த மடத்தில் அன்னதானக் கூடத்து வாசல் மாசாத்தர் பொறுப்பில் இருந்தது. தலை நரைத்த பிறகு துறவியானவர் அவர். பசி என்று யார் வந்தாலும் நிறுத்தி வைத்து, "கள் குடிப்பதுண்டா? பொய் சொல்வதுண்டா?" என்று விசாரிப்பார். தேறியவர்கள்தான் உள்ளே போக முடியும். ஒழுக்கமும் சீலமும் இல்லாதவனுக்குச் சோறு எதற்கு என்பது அவர் கட்சி.

ஒருநாள் கப்பலில் ஒரு சீனத் துறவி வந்து இறங்கினார். தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. மறுநாள் அவரும் வாசலில் வந்து நின்றுகொண்டார். வருகிறவர்களிடம் சிரித்த முகமாக ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"சீலமா?"

மாசாத்தருக்கு உடம்பு சிலிர்த்தது. சீனத்திலும் நம்மைப்போல ஒருவர்!

முதலில் வந்தவர் கும்பிட்டுவிட்டுப் போக வந்த பட்டு வியாபாரி.

"சீலமா?"

"எங்கள் குடும்பமே அதற்குப் பேர் போனதாயிற்றே!" வியாபாரி பெருமையாகத் தலையாட்டினார்.

துறவி மகிழ்ந்துபோய்க் கைகூப்பி, அவரை அப்படியே வழியனுப்பி வைத்தார்.

அடுத்து வந்தவன் நீலன், மீன் பிடிக்கிறவன். முந்தின நாள்தான் மாசாத்தர் அவனை விரட்டியிருந்தார்.

"சீலமா?"

"நமக்கு ஏது சாமி அதெல்லாம்?" நீலன் இல்லை என்று தலையசைத்தான்.

துறவி பதறிவிட்டார். அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முதல் இலையில் உட்கார வைத்தார்.

அன்று முழுக்க இதே கதைதான். உண்டு என்றவர்கள் வெளியே, இல்லை என்றவர்கள் உள்ளே. பந்தி முடிந்ததும் மாசாத்தர் தலைமைத் துறவி நந்தையிடம் ஓடினார். வயதில் சிறியவர் என்றாலும் மாசாத்தருக்கு அவர்தான் குரு.

"தாயே, சீலம் உள்ளவரை அனுப்பிவிட்டு, இல்லாதவருக்குச் சோறு போடுகிறார் அந்தச் சீனர். இதில் ஏதோ பெரிய தத்துவம் இருக்கிறது. எனக்குத்தான் எட்டவில்லை."

நந்தை வாய்விட்டுச் சிரித்தார். "என்னிடமும் கேட்டார். நான் அவர் வந்த கப்பலின் மாலுமியைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டுக்கொண்டேன். அது தமிழே இல்லை, மாசாத்தரே. அவர் ஊர்ப் பேச்சில் 'சாப்பிட்டாச்சா' என்று அர்த்தம்."

தான் திருப்பி அனுப்பிய முகங்கள் மாசாத்தருக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

"அப்படியானால், அவர் சீலத்தைப் பற்றிக் கேட்கவே இல்லையா?"

"அதைத்தான் கேட்டார்," என்றார் நந்தை. "நமக்குத்தான் சீலத்துக்கு ஒன்று, சோற்றுக்கு ஒன்று என்று இரண்டு சொல் வேண்டியிருக்கிறது."