கூரைக்காரர் கெட்சலுக்கு இரங்கலுரை

கூரை வேய்கிற கெட்சல் செத்துப்போனதற்கு யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் போயும் போயும் நிசான் மாதத்திலா போய்ச் சேருவது? பஸ்கா பண்டிகை வருகிற மாதம். யூதர்களுக்கு அது சந்தோஷ மாதம். அந்த மாதத்தில் குழியருகே நின்று உருக்கமாகப் பேசி, வந்தவர்களை அழவைக்கக் கூடாது என்பது சட்டம்.

மாட்டிக்கொண்டவன் பின்ஹாஸ், ஊர் மதகுருவான ரபி எலியாக்கிமின் சீடன். "இந்த அடக்கத்தை நீயே நடத்து" என்று ரபி சொல்லிவிட்டார். அவனுக்கு இதுதான் முதல் அடக்கம். கெட்சலின் மனைவி ஃப்ரேதா அவனைத் துக்க வீட்டு வாசலிலேயே வழிமறித்தாள்.

"தம்பி, ஒரு வார்த்தை பேசாம மண்ணைப் போட்டுடாதீங்க. யாருமில்லாதவர் மாதிரி ஆயிடும்."

பின்ஹாஸ் ரபியிடம் ஓடினான்.

"பேசினா சட்டம் போச்சு. பேசாட்டி அந்த அம்மா மனசு உடைஞ்சு போகும். நான் என்ன பண்ணட்டும் ரபி?"

"கெட்சலைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"தெரிஞ்சதெல்லாம் சிரிப்புச் சங்கதிதான்."

"சிரிக்க வைக்கக் கூடாதுன்னு சட்டத்துல இருக்கா?"

"இல்லையே!"

"அப்புறம் என்ன, கிளம்பு." ரபி தடியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

இடுகாட்டில் பின்ஹாஸ் குழியருகே போய் நின்றான். ஃப்ரேதா அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனது ஆகட்டும் என்று ஆரம்பித்தான்.

"போன மழைக்கு நம்ம ஜெப ஆலயம் ஒழுகிச்சு. கெட்சல் மேலே ஏறி ஓடு மாத்திக்கிட்டிருந்தார். அது தெரியாம நம்ம ரபி கீழே கையைத் தூக்கி, 'ஆண்டவரே, எங்கள் குரல் உமக்குக் கேட்கட்டும்!'னார். மேலேயிருந்து பதில் வந்துச்சு: 'கேட்குது, கேட்குது! கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஓடு விழப்போகுது!'"

குபீரென்று சிரிப்பு.

"நான் பெஞ்சுக்கடியில புகுந்துட்டேன்!" என்று கத்தினார் ரொட்டிக்கடைக்காரர். குழி வெட்டியவர் மண்வெட்டியைப் பிடித்தபடி குலுங்கினார். ஃப்ரேதாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அவரேதான் தம்பி, அப்படியே அவரேதான்!"

சிரிப்பு ஓய்ந்தது. முதலில் விசும்பியவர் ரொட்டிக்கடைக்காரர். அப்புறம் ஃப்ரேதா. அப்புறம் பார்த்தால் ஊரே அழுகிறது.

பின்ஹாஸ் அவசர அவசரமாக மண்ணைத் தள்ளினான். மண் மூடியதும் ரபியின் பக்கத்தில் வந்து நின்றான்.

"கெடுத்துட்டேன் ரபி. எல்லாரும் அழுதுட்டாங்க. சட்டத்தை மீறிட்டேன்."

"நீ என்ன பண்ணினே?"

"சிரிக்க வச்சேன்."

"அதோட உன் வேலை முடிஞ்சுது. அழ வச்சது கெட்சல்."

"சட்டம் அவருக்கும்தானே ரபி?"

ரபி சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இருந்தவரைக்கும் ஒருத்தரையும் அழ வைக்காத மனுஷன். இன்னிக்கு ஒரு நாள் அழ வச்சுட்டுப் போகட்டும், விடு."